குண்டு போன வழி

குஷிரோ
டிசம்பர் 6, 1998

அன்புள்ள யசு,

நீ அனுப்பிய மான் தோள்கறி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மூடியின் மேல் உன் வீட்டுக்காரி கயோகோ ஒட்டியிருந்த சீட்டில் "முள்ளங்கி போட்டு நிதானமா வேக விடுங்க அக்கா" என்று எழுதியிருந்தது. அப்படியே செய்தேன். இரண்டாவது கிண்ணம் சாப்பிடும்போது பல்லுக்கடியில் ஏதோ நறுக்கென்றது. எலும்புத் துணுக்கு என்று நினைத்துத் துப்பினால், சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் தகடு. நகத்தால் அழுத்தினேன், வளைந்து கொடுத்தது.

மனிதர்களுக்குள் என்ன இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவள் கையில் இது கிடைத்தால் சும்மா இருப்பேனா? வேகவைக்காத மீதிக் கறியை பிளாஸ்டிக்கில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். கடைசி நோயாளி கிளம்பியதும் மேசையில் கிடத்தி ஒரு எக்ஸ்ரே எடுத்தேன். எங்கள் தலைமை டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, "இவருக்கு மூச்சை அடக்கச் சொல்ற வேலை மிச்சம்" என்றார்.

படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். நடுவில் தெரியும் கறுப்பு ஓட்டை குண்டு போன வழி. அதைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா? சில அரிசிக் குறுணை அளவு, பல ஊசி முனை அளவு. ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கண்ணுக்கு எந்தப் பழுதும் தெரியாத நல்ல சதைக்குள்ளும் அவை இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், முடியாமல் விட்டுவிட்டேன்.

குறை சொல்ல எழுதவில்லை, கறி ருசியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஒரே ஒரு குண்டு இத்தனை தூளாக எப்படி ஆகிறது? அது உடைய வேண்டும் என்றே செய்கிறார்களா, இல்லை உடைந்துவிடுகிறதா? மான் அதற்குள் என்ன ஆகிறது?

மாடுகள் நலமா? கயோகோவின் இடுப்புவலி எப்படி இருக்கிறது?

உன் அக்கா
மிசாவோ


ஷினோபெத்சு
டிசம்பர் 14

அக்காவுக்கு,

கறி கொடுத்தால் படம் எடுத்துத் திருப்பி அனுப்புகிற ஆள் ஜப்பானிலேயே நீ ஒருத்திதான்.

படத்தை கயோகோ சமையலறை ஜன்னலில் ஒட்டி வைத்திருக்கிறாள். நேற்று ஹிராமா அண்ணன் காபி குடிக்க வந்தார். நான் காட்டுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அவருடன்தான் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எந்த ஊருப்பா இது, இப்படிப் பனி கொட்டுது" என்றார். மானின் தோள் என்றதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

உன் கேள்விக்கு வருகிறேன். உடைய வேண்டும் என்றுதான் செய்கிறார்கள். குண்டின் உடல் முழுக்க ஈயம், அதற்கு மேல் மெல்லிய செம்புச் சட்டை. மூக்கில் மட்டும் சட்டை கிடையாது, ஈயம் வெளியே தெரியும். மான்மேல் பட்ட கணமே அந்த மூக்கு நசுங்கிக் காளான் குடைபோல விரியும். விரிந்தால்தான் வழி அகலமாகும், வழி அகலமானால்தான் மான் சீக்கிரம் சாகும். விரியாத குண்டு ஊசி மாதிரி புகுந்து வெளியே போய்விடும். மான் அந்த ஓட்டையோடு மலையேறி ராத்திரி முழுக்கக் கிடந்து சாகும். அந்தக் கொடுமை கூடாது என்றுதான் ஈயம்.

மான் என்ன ஆகும் என்று கேட்டாய். பட்ட இடத்தை அதன் உடம்பே சொல்லிவிடும். இதயத்தில் பட்டால் முன்னங்காலைத் தூக்கி ஒரு துள்ளல், பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு கண்மூடித்தனமாக ஓட்டம். வயிற்றில் பட்டால் முதுகு வளையும், மெதுவாக நடக்கும், பார்க்கவே பிடிக்காது. முதுகெலும்பு என்றால் கயிறு அறுந்த மூட்டைதான். நல்ல ஈயக் குண்டைத் தோளில் வைத்தால் நின்ற இடத்திலேயே மடிந்துவிடும். அதைத்தான் நான் சுத்தமான வேலை என்பேன்.

ஆனால் ஒன்று. உன் படத்தைப் பார்த்த பிறகு, போன வாரம் தோலுக்கடியில் சிக்கியிருந்த ஒரு குண்டை எடுத்து, தோட்டா நிரப்ப வைத்திருக்கும் தராசில் போட்டேன். புதுக் குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு காணோம். எத்தனை வருடமாகச் சுடுகிறேன், அந்த மூன்றில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. காயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய சதையை வெட்டி எறிவேன், அவ்வளவுதான்.

பால் வண்டிக்காரர் வெள்ளிக்கிழமை குஷிரோ வருகிறார். அவரிடம் ஒரு கழுத்தும், வாளியில் உறையவைத்த குடல், ஈரல், நுரையீரலும் கொடுத்துவிடுகிறேன். வழக்கமாக அவற்றைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவோம். அதையும் படம் பிடித்துச் சொல். உங்கள் தலைமை முகத்தைச் சுளித்தால் அவருக்கு ஒரு தொடை தருகிறேன் என்று சொல்.

யசுனோரி


குஷிரோ
ஜனவரி 10, 1999

யசு,

வாளி உருகி வழிந்ததில் எங்கள் தலைமைக்கு என்மேல் வருத்தம். தொடை வந்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கழுத்தில் அதிகம் இல்லை. குடலையும் நுரையீரலையும் பார்த்துத்தான் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ தேடிய அந்த மூன்றில் ஒரு பங்கின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கறியைவிட நீங்கள் காட்டில் விட்டுவரும் குவியலில்தான் ஈயம் அதிகம்.

இன்னொன்றும் நடந்தது. சதுப்பு நிலத்துப் பக்கம் உகாவா என்று ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார், அடிபட்ட பறவைகளை எடுத்து வைத்தியம் பார்ப்பவர். அவருடைய மெஷின் பழுது என்று எங்களிடம் ஒரு கடற்கழுகைத் தூக்கி வந்தார். இறக்கையை விரித்தால் மேசையை விடப் பெரிது. தலையை நிமிர்த்தக்கூட அதற்குத் தெம்பில்லை. படத்தில் அதன் இரைப்பைக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். எனக்குப் பழகிய புள்ளிகள். மேசை இழுப்பறையிலிருந்து உன் மானின் படங்களைக் கொண்டுவந்து பக்கத்தில் மாட்டினேன். வேட்டைக்காரர்கள் காட்டில் விட்டுவரும் குடல் குவியல்களைத்தான் குளிர்காலத்தில் இவை தின்கின்றன என்றார் அவர். பிறகு, "இது எங்க கிடைச்சுது?" என்று கேட்டார். என் தம்பி அனுப்பியது என்றேன். பிரதி கேட்டார், கொடுத்தேன்.

இப்போது எனக்கு ஒரு புதுக் கேள்வி. உடையாமல் விரிகிற குண்டு என்று ஒன்று உண்டா?

மிசாவோ


ஷினோபெத்சு
பிப்ரவரி 3

அக்கா,

பத்திரிகையைப் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால் வெட்டி அனுப்பியிருக்கிறேன். என் மானின் நுரையீரல் அரைப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. கீழே "ஷினோபெத்சு பகுதி வேட்டைக்காரர் ஒருவர் சுட்ட மான்" என்று போட்டிருக்கிறார்கள். இங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அதில் அக்கா எக்ஸ்ரே எடுப்பவள் என்று எத்தனை பேர்?

ஏரிக்கரை விடுதிக்காரர் இனி மான்கறி வேண்டாம் என்று போன் செய்தார். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. வேட்டைக்காரர் சங்கக் கூட்டத்தில் யாரும் என்னை நேராகத் திட்டவில்லை. ஹிராமா அண்ணன் மட்டும் எழுந்து, "யசுனோரி, நாங்க உன்கூடக் காட்டுக்கு வரும்போது போட்டோ பிடிக்கிறவங்க யாராச்சும் பின்னாடி வர்றாங்களான்னு முன்னாடியே சொல்லிடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மாட்டுத் தொழுவத்தில் வாளியை உதைத்தேன்.

நீ ஆசையாகக் கேட்டாய் என்று குடலைக்கூடக் கட்டி அனுப்பினேன். அதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டாய்.

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

யசுனோரி


குஷிரோ
பிப்ரவரி 21

யசு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு. ஊர்ப் பெயரைப் பத்திரிகைக்கு நான் சொல்லவில்லை, உகாவா டாக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், அதுவும் தப்புதான். ஆனால் படத்தில் இருப்பதை நான் வரையவில்லை. அது உன் மானுக்குள் இருந்தது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது, கேட்டால் நீயே என்னை மதிக்க மாட்டாய்.

குளிர்காலம் முழுக்க நீங்கள் இருவரும் மான்கறிதான் சாப்பிடுகிறீர்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்மேல் உள்ள கோபத்தில் இதைத் தள்ளிப் போடாதே.

மிசாவோ


ஷினோபெத்சு
மார்ச் 28

அக்கா,

கயோகோ பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு உன்னிடம் வந்து ரத்தம் கொடுத்தது எனக்குத் தெரியும். வெறும் பல்லுக்கு யாராவது முழங்கையில் பஞ்சு ஒட்டுவார்களா? அவளுக்கு ஈயம் கொஞ்சம் அதிகம்தான், பயப்படும் அளவு இல்லை என்று நீ சொன்னதையும் சொன்னாள். பிறகு என்னையும் இங்கேயே ஊசி குத்த வைத்துவிட்டாள். எனக்கு அவளை விட அதிகம். டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "காயத்துப் பக்கத்துக் கறியை நீங்கதான் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அது உண்மை. நல்ல துண்டையெல்லாம் அவளுக்கும் உனக்கும் விடுதிக்கும் கொடுத்துவிட்டு ஓரங்களை நான்தான் வறுத்துத் தின்கிறேன்.

எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

போன வாரம் மேய்ச்சல் நிலத்து மானைக் குறைக்க அனுமதி வந்தது. ஒன்றைச் சுட்டு, வழக்கம்போலக் குடலை ஓடைக்கரையில் விட்டுவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் போனால், குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கழுகு உட்கார்ந்திருந்தது. நான் கிட்டப் போயும் பறக்கவில்லை. அலகைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. இறக்கை இரண்டும் பனியில் தொங்கியது. கீழே எச்சம் பச்சைப் பசேலென்று இருந்தது. என் கோட்டைப் போட்டு மூடினேன். அவ்வளவு பெரிய பறவை, தூக்கினால் காலி மூட்டை மாதிரி இருந்தது.

காரில் முன் சீட்டில் வைத்து குஷிரோவுக்கே ஓட்டி வந்தேன். உகாவா டாக்டரின் இடத்துக்குப் போகும் வழியில் உன் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் போக வேண்டும். சிக்னலில் நின்றபோது வாசலைப் பார்த்தேன். இறங்கவில்லை.

அவர் படம் எடுத்தார். இரைப்பையில் ஒரே ஒரு ஈயத் துண்டு, ஒரு கம்பு மணி அளவுகூட இல்லை. "இது என் குண்டா?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல எனக்கு வழி கிடையாதுங்க. இதுங்க ஒரே நாள்ல எத்தனையோ குவியல்ல சாப்பிடும்" என்றார். நல்ல மனிதர், எனக்காகச் சொன்னாரோ என்னவோ. கழுகு மறுநாள் காலை செத்துவிட்டது என்று போன் செய்தார்.

உடையாமல் விரிகிற குண்டு உண்டா என்று ஜனவரியில் கேட்டிருந்தாய். உண்டு. முழுக்கச் செம்பில் செய்த குண்டு. வெளிநாட்டுச் சரக்கு, சப்போரோ கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். இலையுதிர்காலத்துக்குள் வரும் என்கிறார்கள்.

யசுனோரி


குஷிரோ
ஏப்ரல் 4

யசு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன்.

அடுத்த முறை சிக்னலில் நிற்காதே, இறங்கி வா.

அந்த ஓரக்கறியை இனி நீ தின்னக் கூடாது. செம்புக் குண்டு வந்ததும் சொல், எனக்கு ஒன்று வேண்டும். கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மிசாவோ


ஷினோபெத்சு
நவம்பர் 9

அக்கா,

செம்புக் குண்டு ஒன்றை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன், வெறும் குண்டுதான், மருந்து கிடையாது, பயப்படாதே. ஈயத்தைவிடச் செம்பு லேசு என்பதால் அதே எடைக்கு நீளமாக இருக்கிறது பார். மூக்கில் சின்னக் குழி இருக்கிறதல்லவா? அந்தக் குழிக்குள் ஈரம் அழுத்தித்தான் அது விரியுமாம்.

சுடுதளத்துப் பொறுப்பாளர் அனுமதியோடு, பழைய டெலிபோன் புத்தகங்களை ஊறவைத்து அடுக்கிச் சுட்டுப் பார்த்தேன். ஈரக் காகிதம் சதைக்குக் கொஞ்சம் கிட்ட வரும். தொழுவத்து வெந்நீரில்தான் ஊறவைக்க வேண்டியிருந்தது, பச்சைத் தண்ணீர் இங்கே அரை மணியில் கல்லாகிவிடுகிறது. கயோகோ, "மாட்டுக்கு வச்ச வெந்நீர் புத்தகம் குளிக்கவா?" என்று கத்தினாள். எடுத்துப் பார்த்தால் நாலு இதழ் விரிந்த பூ மாதிரி குண்டு கிடைத்தது. தராசில் போட்டேன். எடை குறையவே இல்லை. ஒன்பது வயதுப் பையன் மாதிரி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

முதல் மான் நின்ற இடத்தில் விழுந்தது. ஹிராமா அண்ணன்கூட, "ம், பரவால்ல" என்றார்.

இரண்டாவது மானைப் பற்றி எழுதத்தான் மனம் வரவில்லை. சரிவுக்கு எதிர்ப்புறம் நின்ற பெண்மான். நல்ல பக்கவாட்டு நிலை, நல்ல குறி. சுட்டதும் ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான், ஓடிவிட்டது. போய்ப் பார்த்தால் பனியில் ரத்தம் இல்லை, நாலைந்து முடி மட்டும். பிறகு இரண்டு சொட்டு. மூங்கில்புல்லுக்குள் போன தடத்தை இருட்டும்வரை தேடினோம். மறுநாளும் தேடினேன். கிடைக்கவில்லை. அது எங்கேயோ படுத்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

"கழுகைக் காப்பாத்த மானைச் சித்திரவதை பண்ணச் சொல்றாங்களா உங்க அக்கா?" என்று ஹிராமா அண்ணன் கேட்டார். அடுத்த சீசனிலிருந்து மானுக்கு ஈயக் குண்டே கூடாது என்று உத்தரவு வரப்போகிறது. ஜனவரியில் சங்கம் கூடி அபிப்பிராயம் சொல்ல வேண்டும். செம்பைச் சுட்டுப் பார்த்தவன் நான் ஒருவன்தான், நான் எழுந்து இது ஆகாது என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இன்றைக்கு என் மனதில் இருப்பதும் அதுதான்.

மீதித் தோட்டாக்களைப் பரணில் போட்டுவிட்டேன்.

யசுனோரி


குஷிரோ
நவம்பர் 15

யசு,

ஹிராமா சொன்னதை நான் தட்டிவிடவில்லை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மானில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் நீ எழுதாமல் விட்டவற்றைக் கேட்க வேண்டும். முதல் மான் எவ்வளவு தூரத்தில் நின்றது, இரண்டாவது எவ்வளவு தூரத்தில்? டெலிபோன் புத்தகத்தை எங்கிருந்து சுட்டாய்? "சரிவுக்கு எதிர்ப்புறம்" என்று எழுதியிருக்கிறாய். உங்கள் ஊர்ச் சரிவு எனக்குத் தெரியும், அது பக்கம் இல்லை. குண்டு போகப்போக வேகம் குறையும் அல்லவா? ஈயம் மெத்து, மெதுவாக இடித்தாலும் நசுங்கும். செம்பு கெட்டி. நீ அனுப்பியதைப் பல்லால் கடித்துப் பார்த்தேன், என் பல்தான் கூசியது. அந்தக் குழி திறக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டாமா?

இன்னொன்று, கோபப்படாதே. ஈயத்தில் சுட்டு ஓடிய மானே கிடையாதா? விழுந்தவற்றை மட்டும் நினைவில் வைத்திருக்கிறாயோ என்று ஒரு சந்தேகம்.

முப்பதாம் தேதியிலிருந்து எனக்கு லீவு. ஆஸ்பத்திரிக் கிடங்கில் பழைய டெலிபோன் புத்தகங்கள் ஏராளம், கேட்டு வாங்கியிருக்கிறேன். ரயில் நிலையத்துக்கு வண்டி கொண்டுவா, அவற்றை என்னால் தூக்க முடியாது. வேட்டைக்கும் என்னைக் கூட்டிப் போக வேண்டும். படத்தில் பார்த்ததெல்லாம் நடந்து முடிந்த பிறகு உள்ளது. நடக்கும்போது ஒருமுறை பார்க்க வேண்டும்.

மிசாவோ


குஷிரோ
டிசம்பர் 7

யசு, கயோகோ,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். காலில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் மலையேறினேன் என்று பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு குண்டுகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கிட்டத்திலிருந்து சுட்டது, நாலு இதழும் விரிந்த பூ. சரிவின் தூரத்திலிருந்து சுட்டது, கடையில் வாங்கியபடியே, மூக்கு மட்டும் லேசாக உதடு பிதுங்கிய மாதிரி. புத்தகக் கட்டு முழுவதையும் துளைத்துக்கொண்டு பின்னாலிருந்த மண்ணில் கிடந்ததே, அதை நீ தோண்டி எடுத்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். "இதுதான் அந்த மானுக்குள்ள போயிருக்கு" என்றாய். பிறகு சுடுதளத்தைவிட்டு வெளியே போய் நின்றாய். நான் வேண்டுமென்றே பின்னால் வரவில்லை.

லேசான குண்டு, இன்னும் வேகம், கிட்டப் போய்ச் சுடுவது, இதுதான் வழி. நீயே சொன்னதுதான், நான் கேள்வி மட்டும் கேட்டேன்.

மறுநாள் காலையைப் பற்றி யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அந்த ஆண்மான் மரங்களுக்கிடையில் தலையைத் திருப்பி நம்மைப் பார்த்தது. நீ வெகுநேரம் சுடவில்லை. சத்தம் கேட்டபோது நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, அதற்காகத்தானே வந்தேன். அது விழவில்லை, ஓடியது. "ஓடுதே, யசு" என்றேன். நீ துப்பாக்கியை இறக்கிவிட்டு, "ஓடலக்கா. அது செத்துடுச்சு, காலுக்குத்தான் இன்னும் சேதி போகல" என்றாய். பத்து மூச்சுக்குள் அது ஒரு பிர்ச் மரத்தடியில் முட்டிபோட்டு அப்படியே சாய்ந்தது. கிட்டப் போனபோது அதன் கண்ணில் பனித்துகள் விழுந்து கரைந்துகொண்டிருந்தது.

நெஞ்சைத் திறந்து நீ காட்டினாயே, இதுவரை படத்தில் மட்டும் பார்த்த நுரையீரல். அகலமான வழி, சுத்தமான வழி. அந்தத் துண்டை இங்கே கொண்டுவந்து படம் எடுத்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. யசு, இருபது வருடத்தில் இவ்வளவு காலியான படத்தை நான் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மிசாவோ


ஷினோபெத்சு
பிப்ரவரி 20, 2000

அக்கா,

ஜனவரிக் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அது முடிந்துவிட்டது என்று எனக்கே தோன்றவில்லை.

ஊர்ப் பொதுமண்டபத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். நீ திருப்பி அனுப்பிய இரண்டு குண்டையும், இரண்டு வகைப் படத்தையும் மேசைமேல் வைத்தேன். பேச்சுக்கு எழுதிப் போன காகிதம் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. ஈயம் எங்கே போகிறது என்று சொன்னேன். என் ரத்தப் பரிசோதனையைச் சொன்னேன், அப்போது சில பேர் நாற்காலியில் நெளிந்தார்கள். ஓரக்கறி தின்கிறவன் நான் மட்டும் இல்லை போல. செம்பு விரிகிறது, ஆனால் கிட்டத்தில்தான் விரிகிறது என்றும் சொன்னேன்.

ஹிராமா அண்ணன் கையைத் தூக்கினார். "தொலைஞ்ச மானைப் பத்திச் சொல்லு" என்றார்.

சொன்னேன். ஒளிக்கவில்லை. "அது குண்டோட தப்பு இல்லண்ணே. அவ்வளவு தூரத்துல நான் சுட்டிருக்கக் கூடாது. ஈயம்னா அந்த தூரத்தை மன்னிச்சுடும், செம்பு மன்னிக்காது. செம்புக்கு மாறணும்னா எதிர்ச் சரிவுல நிக்கிற மானைச் சுடுறதை நாம விட்டுடணும்" என்றேன். பிறகு நீ கேட்டதையும் கேட்டேன். "ஈயத்துல சுட்டு ஓடிப்போன மான் உங்க யாருக்கும் கிடையாதா?" பின்வரிசையில் ஒருவர், "எனக்கு நிறைய" என்றார். சிலர் தலையாட்டினார்கள். எனக்கும் உண்டு அக்கா. நீ கேட்கும்வரை அவற்றை நான் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை.

"கிட்டப் போகச் சொல்ற. என் முட்டியைக் கேட்டியா?" என்றார் ஹிராமா அண்ணன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. எதிர்ச் சரிவில் நிற்கும் மானைச் சுடுவதுதான் அவருடைய வேட்டை. அந்த வயதில் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவரால் வேறு எப்படி முடியும்? அதை நான்தான் எழுந்து நின்று அவரிடமிருந்து பிடுங்கினேன். உத்தரவை எதிர்ப்பதில்லை என்று சங்கம் முடிவு செய்தது. அவர் கை எந்தப் பக்கமும் உயரவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு காபிக்கு வரவில்லை. கடையில் பார்த்தால் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை, அதோடு சரி.

முந்தாநாள் பால் கறந்துகொண்டிருந்தபோது கயோகோ போனை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கே ஓடி வந்தாள். "ஹிராமா அண்ணன். குரலே சரியில்ல" என்றாள்.

"யசுனோரி, ஒரு மான் ஓடிடுச்சு. ரத்தமே இல்ல. என்னால மூங்கில்புல்லுக்குள்ள இறங்க முடியல. வர்றியா?" என்றார். என்ன குண்டு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மரம் ஏற்றும் லாரிகள் போகும் பாதையோரம் தன் டிரக்கில் உட்கார்ந்திருந்தார். எங்கே நின்று சுட்டார் என்று காட்டினார். மான் நின்ற இடம் நான் நினைத்ததில் பாதித் தூரம்கூட இல்லை. அந்த முட்டியோடு முழங்கால் ஆழப் பனியில் அவ்வளவு கிட்டத்துக்குத் தவழ்ந்து போயிருக்கிறார். அவர் நெஞ்சு உரசிய தடம் பனியில் நீளமாக இருந்தது. நான் அதை மிதிக்காமல் சுற்றிப் போனேன்.

புல்லுக்குள் நுழைந்து கொஞ்சம் நடந்ததுமே மான் கிடைத்தது. ஓடும்போதே செத்து, மூக்கு பனிக்குள் புதைந்திருந்தது. "இருக்கு" என்று கத்தினேன். கயிறு கட்டிப் பாதைக்கு இழுத்து வந்தபோது அவர் டிரக்கைவிட்டு இறங்கி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நான்தான் திறந்தேன். அவர் குனிந்து எல்லாவற்றையும் பார்த்தார். குண்டு ஒரு விலாவை உடைத்து, நுரையீரலைக் கடந்து, எதிர்ப்பக்கத் தோலுக்கடியில் நின்றிருந்தது. நாலு இதழும் விரிந்திருந்தது. அதைப் பனியில் தேய்த்துக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"போன மாசம் சப்போரோவுக்கு நானே போய் வாங்கினேன். உன்கிட்ட கேக்க மனசு வரல" என்றார்.

"என்கிட்ட ஒரு பெட்டி பரண்ல சும்மா கிடந்துச்சுண்ணே."

"தெரியும். கேட்டா குடுத்துடுவ, அதான் கேக்கல."

குடல் குவியலைப் பாதையோரத் திறந்தவெளியில் விட்டுவிட்டு மானை ஏற்றினோம். கிளம்பலாம் என்று நான் சாவியைத் தொட்டபோது, "கொஞ்சம் இரு" என்றார். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் குவியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். முதலில் காக்கைகள் வந்தன. மேலே வெகு உயரத்தில் ஒரு கழுகு வட்டமிட்டது. அது இறங்கும் இறங்கும் என்று காத்திருந்தோம், மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பிறகு ஒரு நரி வந்து, எங்கள் வண்டியைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, ஈரலைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடியது.

"கழுகுக்குன்னு வச்சா இவன் தூக்கிட்டுப் போறானே" என்றேன்.

"தின்னட்டும் விடு. அவனுக்கும் வயிறுதானே" என்றார் ஹிராமா அண்ணன். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டினார். "பிளாஸ்க்ல டீ இருந்தா ஊத்து. விடிகாலையிலிருந்து ஒண்ணும் குடிக்கல."

யசுனோரி